பந்தியும் தன்மதிப்பும்



தன்மதிப்பு என்னும் பொருளைப் பற்றி நெல்லைச் சீமையில் நின்று பேசுகிறவனுக்கு, உதாரணங்களைத் தேடிக் கடல் கடந்து போக வேண்டிய அவசியம் நேர்வதில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் இந்தத் தாமிரபரணியின் கரையிலேயே, மனிதன் தன்னைத் தான் மதிப்பதற்கும் பிறர் அவனை மதிப்பதற்கும் உள்ள சம்பந்தம் யாது என்ற கேள்வி, ஏட்டளவில் நில்லாமல் சோற்றிலும் தண்ணீரிலும் எழுந்து, நாட்டின் அரசியலையே திசை திருப்பியிருக்கிறது. இன்றைய என் பேச்சு பெரும்பாலும் அந்தச் சரித்திரத்தைச் சுற்றியே அமையும். மனோதத்துவ அறிஞர்கள் சொல்வதையும் இடையிடையே எடுத்துக்கொள்வேன். ஆயினும் அவர்கள் சொல்லைக் கொண்டு நம் அனுபவத்தை அளப்பதைவிட, நம் அனுபவத்தைக் கொண்டு அவர்கள் சொல்லை உரைத்துப் பார்ப்பதே எனக்கு உவப்பானது.

ஒருவன் தன்னைப் பற்றித் தன் நெஞ்சுக்குள் எழுதி வைத்திருக்கும் தீர்ப்பே தன்மதிப்பு. அத்தீர்ப்பை அவன் வாய்விட்டுச் சொல்வதில்லை; ஆனால் நடையில், குரலில், எதிரே நிற்பவரின் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதில், ஒரு சபைக்குள் நுழைந்ததும் எந்த மூலையைத் தேடிப் போய் உட்காருகிறான் என்பதில் அது தானாக வெளிப்பட்டுவிடுகிறது. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியரான வில்லியம் ஜேம்ஸ், 1890-இல் வெளியிட்ட தமது மனோதத்துவப் பெருநூலில் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார்: ஒருவன் அடைந்த வெற்றியை அவன் கொண்ட ஆசைகளால் வகுத்தால் கிடைக்கும் ஈவே அவனுடைய தன்மதிப்பு என்பது அவர் கொள்கை. வெற்றியைப் பெருக்கினாலும் ஈவு உயரும். ஆசையைச் சுருக்கினாலும் உயரும். பின்னர் 1965-இல் மாரிஸ் ரோசன்பர்க் என்னும் சமூகவியலார் பத்தே வாசகங்கள் கொண்ட ஒரு வினாத்தாளால் இதை அளக்க வழி செய்தார்; இன்றும் உலகெங்கும் பெருவழக்காக உள்ள அளவுகோல் அதுவே. இவற்றின் நுட்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஜேம்ஸின் கணக்கு, தன் ஆசையைத் தானே தேர்ந்துகொள்ள வல்ல, வளர்ந்த, சுதந்திரமான மனிதனுக்கு எழுதப்பட்ட கணக்கு. பத்து வயதுப் பிள்ளை ஒன்று, சற்று முன்வரை தன்னோடு ஓடி விளையாடிய இன்னொரு பிள்ளை, இலை போட்டவுடன் வேறோர் அறைக்குப் போய் உண்பதைப் பார்க்கும்போது, அது எந்த ஆசையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்?

இந்தக் கேள்வி சேரன்மாதேவியில் எழுந்தது. வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர், லண்டனில் சட்டம் பயின்று, தேசத்துக்காக அத்தொழிலைத் துறந்து, புதுவையில் பத்தாண்டுகள் அஞ்ஞாதவாசம் போல் வாழ்ந்து, அங்கிருந்தபடியே திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த மேதை. அவர், தேசியக் கல்விக்கு ஒரு முன்மாதிரியாகத் தமிழ்க் குருகுலம் ஒன்றை 1922-இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிச் சேரன்மாதேவியில் நிலைபெறச் செய்தார். தாய்மொழிக் கல்வி, தேகப்பயிற்சி, கைத்தொழில், தேசபக்தி இவை நான்கும் ஒருங்கே அமைந்த இளைஞர்களை உருவாக்குவது அவர் சங்கற்பம். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி அதற்கு 5,000 ரூபாய் கொடுத்தது. பல சாதியாரும் தனவந்தரும் பொருளுதவினர். இத்தனை பரந்த நோக்கத்தோடு எழுந்த ஸ்தாபனத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்பட்டது. அவர்களுடைய பெற்றோர் அந்த நிபந்தனையின் பேரிலேயே பிள்ளைகளைச் சேர்த்தார்கள் என்றும், கொடுத்த வாக்கை மீறுவதற்கில்லை என்றும் ஐயர் சமாதானம் சொன்னார்.

செய்தி வெளியே பரவியது. பின்னாளில் சென்னை மாகாணப் பிரதமராக விளங்கிய ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன் அக்குருகுலத்தில் படித்தான் என்பதும், தனக்கென்று ஒதுக்கப்படாத பானையில் தண்ணீர் குடிக்கப் போய்த் தடுக்கப்பட்டான் என்பதும் அக்காலத்தைப் பற்றிய வரலாறுகளில் சொல்லப்படுகின்றன. டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் பத்திரிகையில் எழுதினார், பெரியார் ஈ.வெ. இராமசாமி மேடைதோறும் முழங்கினார். விவகாரம் காந்தியடிகளிடம் போயிற்று. இருக்கிற இரு பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பது, இனி அத்தகைய நிபந்தனையோடு எவரையும் சேர்ப்பதில்லை என்று அவர் ஒரு வழி காட்டினார். அதனாலும் கொந்தளிப்பு அடங்கவில்லை. 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டியில், பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் வழக்கத்தைத் தேசிய இயக்கத்தைச் சார்ந்த எந்த ஸ்தாபனமும் கைக்கொள்ளலாகாது என்ற தீர்மானத்தை எஸ். இராமநாதன் கொணர, அது பெரும்பான்மையால் நிறைவேறியது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூன் தொடக்கத்தில், பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில், வெள்ளத்தில் விழுந்த மகள் சுபத்திரையைக் காக்கப் பாய்ந்து, மகளோடு தாமும் மறைந்தார். பெரியார் அவ்வாண்டு மே மாதம் ஈரோட்டில் ‘குடி அரசு’ வார இதழைத் தொடங்கினார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு காங்கிரஸைத் துறந்தார். சுயமரியாதை என்ற பெயரே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று.

ஐயரைத் தூற்றுவது என் நோக்கமன்று. தாம் சாதி பேதம் பாராட்டாதவர். சொன்ன சொல் தவறக் கூசியவர். பெற்ற மகளுக்காக உயிரையும் கொடுத்தவர். ஆயினும், நன்மனம் படைத்த ஒருவர் நடத்தும் நிலையத்திலும் ஒரு குழந்தையின் மதிப்பு உடைபடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. வாக்கு கொடுக்கப்பட்டது இரண்டு பெற்றோருக்கு. அதன் விலையைச் செலுத்தியவர்கள் மற்றப் பிள்ளைகள். அவர்களை யாரும் பட்டினி போடவில்லை; அவர்கள் இலையில் விழுந்த சோற்றில் குறையொன்றும் இருந்திராது. ஒரு சுவர் மட்டுமே நடுவே இருந்தது. தன்னுடைய கை பட்டால், தன்னுடைய பார்வை பட்டால் இன்னொருவனுடைய உணவு கெட்டுப்போகும் என்று அச்சுவர் அப்பிள்ளைகளுக்கு நாள்தோறும் இருவேளை பாடம் சொன்னது. பகல் முழுதும் தேசத்தின் பெருமையைப் படித்த சிறுவன், இரவு இலையின் முன்னே தன் சிறுமையைப் படித்தான். இவ்விரண்டு பாடங்களில் எது அவன் நெஞ்சில் ஊன்றும் என்பதைச் சொல்ல மனோதத்துவம் கற்றிருக்க வேண்டியதில்லை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் இதே உண்மையை வேறொரு நாட்டில் ஒரு நீதிமன்றம் எழுதி வைத்தது. கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்னும் கறுப்பினத் தம்பதியர் 1940-களில் அமெரிக்காவில் சிறு குழந்தைகளின் முன் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளை வைத்து, நல்ல பொம்மை எது என்று கேட்டனர். கறுப்புக் குழந்தைகளிலேயே பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைச் சுட்டினர். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளிகள் வைப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்று 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கட்டடமும் புத்தகமும் சமமாக இருந்தாலும் பிரித்து வைப்பதே அக்குழந்தைகளின் உள்ளத்தில் தாழ்வெண்ணத்தை விளைவிக்கிறது என்பதை ஒரு காரணமாகக் காட்டியது. சேரன்மாதேவிப் பிள்ளைகளிடம் யாரும் பொம்மை நீட்டிக் கேட்கவில்லை.

இந்தத் தாழ்வெண்ணம் வாழ்வின் நலத்தை எங்ஙனம் அரிக்கிறது என்பதைக் காண, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் புற நோயாளர் வரிசையில் சிறிது நேரம் நின்றால் போதும். வெளியே வேப்ப மரத்தடியில் தோளில் துண்டோடு உரக்கப் பேசிக்கொண்டிருந்த பெரியவர், வைத்தியரின் அறை வாசலை மிதித்ததும், துண்டு தோளிலிருந்து இறங்கிக் கக்கத்தில் ஒடுங்குகிறது. வீட்டிலிருந்து கேட்க வேண்டுமென்று நினைத்து வந்த நாலு கேள்விகளில் ஒன்றைக் கேட்டு, பதில் விளங்காமலே, ‘சரிங்கய்யா’ என்று கும்பிட்டுத் திரும்புகிறார். மாத்திரையைக் காலையில் விழுங்குவதா இரவில் விழுங்குவதா என்பது அவருக்குத் தெரியாது; மறுபடி உள்ளே போய்க் கேட்க அவருக்குத் தைரியமில்லை. தன்னைச் சிறியவனென்று எண்ணுகிறவன் தன் உடம்பையும் சிறிய விஷயமாகவே எண்ணுகிறான். கூலி குறைந்தால் கேட்பதில்லை. மனை மோசடியானால் வழக்குக்குப் போவதில்லை. துக்கம் நெஞ்சை அடைத்தாலும் இன்னொருவரிடம் வாய் திறப்பதில்லை. கேட்கும் உரிமை தனக்குண்டு என்ற நினைவே ஆரோக்கியத்தின் முதற்படி என்பது என் துணிபு.

கேட்டுப் பெற்ற ஒரு பெருமகன் இந்தச் சீமையிலேயே பிறந்தார். ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் தோன்றிய வ.உ. சிதம்பரம் பிள்ளை, 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். 1908-இல் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றார். அவ்வாண்டே நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகளை, மொத்தம் நாற்பது ஆண்டுகளை, விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. இவை யாவரும் அறிந்தவை. அவர் இளமையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அத்தனை பேர் நினைப்பதில்லை. இராமையா தேசிகர் என்னும், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த, பார்வையற்ற ஒரு துறவியைத் தம் வீட்டிலேயே வைத்து உபசரித்தார் அவர். உற்றாரும் ஊராரும் முகம் சுளித்தனர். பிள்ளையவர்கள் தம் முதல் மனைவியார் வள்ளியம்மையாரின் கருத்தைக் கேட்டார். அந்த அம்மையார் சிறிதும் தயங்காமல் தேசிகருக்குத் தம் கையாலேயே தொடர்ந்து அன்னமிட்டு வந்தார். இச்செய்தியைப் பிள்ளையவர்களே தமது செய்யுட் சுயசரிதையில் நன்றியோடு எழுதியிருக்கிறார். சேரன்மாதேவியில் சுவர் எழும்பியதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒரு சைவ வேளாள இல்லத்தின் அடுக்களையில் சுவர் இடிந்திருக்கிறது. இடித்தவர் மேடையேறாத ஒரு பெண்மணி.

கோயமுத்தூர்ச் சிறையில் பிள்ளையவர்கள் செக்கிழுத்தார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். அந்த நாட்களில் அவர் கருத்தைக் கவர்ந்த நூல்கள், ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயர் எழுதியவை. ‘மனம்போல் வாழ்வு’, ‘அகமே புறம்’ என்று அவற்றைத் தமிழாக்கினார். ஒருவனுடைய எண்ணமே அவனுடைய வாழ்வை ஆக்குகிறது என்பது ஆலனுடைய சித்தாந்தம். மாடு இழுக்க வேண்டிய செக்கைத் தம் தோளால் இழுத்த ஒருவர் இச்சித்தாந்தத்தை நெஞ்சார ஏற்றார் என்பது வியப்புக்குரியது, ஆனால் விளங்காததன்று. சிறை அவருடைய உடையைப் பறித்தது, தொழிலைப் பறித்தது, பெயரைப் பறித்து எண்ணைத் தந்தது. தம்மைப் பற்றிய தம் தீர்ப்பை மட்டும் பறிக்க அதனால் ஆகவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. எல்லாம் மனத்தில் இருக்கிறது என்ற உபதேசத்தை, வயிறு நிறைந்தவன் வயிறு ஒட்டியவனுக்குச் சொன்னால் அது கொடுமையாகிவிடும். பிள்ளையவர்கள் அதைத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். கோரல் மில் தொழிலாளரிடம் போனபோதோ, எண்ணத்தைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பியவரல்லர். கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் கேட்க அவர்களுக்குத் துணிவூட்டி, வெற்றி கிட்டும்வரை உடன் நின்றார். தனக்கு அகத்தையும் பிறர்க்குப் புறத்தையும் செம்மை செய்வதே அவர் கைக்கொண்ட முறை. இன்று சந்தையில் விற்கும் தன்னம்பிக்கைப் புத்தகங்களில் இந்தப் பாதிதான் விடுபட்டிருக்கிறது.

1912 இறுதியில் விடுதலையாகி வந்தவரை வறுமை எதிர்கொண்டது. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. கப்பல் கம்பெனி கலைந்துபோயிற்று. தென்னாப்பிரிக்காவிலிருந்த நம்மவர் அவருக்கென்று திரட்டிய நிதி காந்தியடிகளின் பொறுப்பில் இருந்தது. அதைப் பற்றிப் பிள்ளையவர்கள் காந்தியடிகளுக்குக் கடிதம் எழுதினார். தாமதமாகவே மீண்டும் மீண்டும் எழுதினார். முடிவில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. மானமுள்ளவன் பணம் கேட்பானா என்று சிலர் எண்ணலாம். தனக்கு உரியதைத் தலைநிமிர்ந்து கேட்பது மானத்துக்கு இழுக்காகாது. பின்னாளில் வாலேஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி அவருக்குச் சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தபோது, தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். வெள்ளையராட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர், ஒரு வெள்ளையரிடம் பெற்ற நன்மைக்கு நன்றி சொல்லக் கூசவில்லை. அவருடைய மதிப்பு யாரையும் தாழ்த்தி நின்றதன்று. ஆகவே யாரைப் புகழ்ந்தாலும் அது குறைந்துவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

தன்மதிப்புக்கு இன்னோர் ஊற்று கைத்திறமை. சேரன்மாதேவிக்கு அண்மையிலுள்ள பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறார்கள். கோரையைப் பசுமையாக அறுத்து, கீறி, உலர்த்தி, ஆற்றுநீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, மறுபடி உலர்த்தி, நுண்பாய்க்கென்றால் இன்னும் மெல்லியதாகக் கீறி, பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, இழை இழையாகக் கோத்து அடிக்கிறார்கள். நெய்து முடித்த பாயைச் சுருட்டினால் பட்டைப் போலக் கைக்குள் அடங்கும். அந்தப் பாயின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, ஓர் இழை புடைத்திருந்தால் அதைப் பிரித்து மறுபடி நெய்கிற அம்மாளை, யாரும் புகழ்ந்து உயர்த்த வேண்டியதில்லை. வேலை செம்மையாக வந்திருக்கிறது என்பது அவர் விரல்களுக்கே தெரியும். அவருக்குக் கிடைக்கும் கூலி அந்தச் செம்மைக்கு ஈடாக இல்லை என்பது வேறொரு துக்கம். அது நம் அனைவருடைய கடன்.

திருவள்ளுவர் மானத்தையடுத்துப் பெருமையையும், பெருமையையடுத்துச் சான்றாண்மையையும், அதையடுத்துப் பண்புடைமையையும் அதிகாரங்களாக வைத்த முறை நினைக்கத்தக்கது. மானம் சான்றாண்மையை நோக்கி நடக்க வேண்டும். இல்லையேல் அது செருக்காகித் திரிந்துவிடும். அமெரிக்காவில் 1980-களில், பிள்ளைகளின் தன்மதிப்பை உயர்த்திவிட்டால் குற்றமும் கல்விக்குறையும் தாமே ஒழியும் என்ற நம்பிக்கை ஓங்கி, கலிபோர்னியாவில் அரசாங்கமே அதற்கென ஒரு குழுவை அமைத்தது. ராய் பாமைஸ்டர் முதலிய நால்வர் 2003-இல் ஆராய்ச்சிகளையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து, தன்மதிப்பு மிகுந்தவர் மகிழ்ச்சியோடு இருக்கிறார்கள் என்பது உண்மையாயினும், அதை உயர்த்துவதனால் மட்டும் படிப்பு வளர்வதில்லை, வன்முறையும் குறைவதில்லை என்று எழுதினார்கள். தன்னை மிகையாக மதித்துக்கொள்பவன், அம்மிகைக்கு ஊறு நேரும்போது வெகுண்டெழுகிறான் என்பதையும் பாமைஸ்டர் அதற்கு முன்பே எடுத்துக்காட்டியிருந்தார்.

இதை நாம் நாங்குநேரியில் கண்டோம். 2023 ஆகஸ்டில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவன், உடன் படித்த மாணவர்களால் தன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டான். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒரு குழு அமைத்தது; 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை, மாணவர் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யுமாறு பரிந்துரைத்தது. கயிற்றை அறுக்க வேண்டியதுதான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்ட பிள்ளை எதற்காகக் கட்டிக்கொண்டான் என்பதையும் கேட்க வேண்டும். தன் படிப்பிலோ, கைத்தொழிலிலோ, நற்குணத்திலோ பெருமைப்பட ஒன்றுமில்லையென்று அவனை எண்ணச் செய்த பிறகு, பிறப்பு ஒன்றுதான் அவனுக்கு மிச்சமாகிறது. அந்தப் பெருமையை நிலைநாட்டத் தன்னிலும் தாழ்ந்தவன் ஒருவன் அவனுக்கு எப்போதும் வேண்டியிருக்கிறது. அவன் நன்றாகப் படித்துத் தலைநிமிர்ந்தால் இவனுக்குப் பொறுப்பதில்லை.

பந்தியின் கதையும் முடிந்துவிடவில்லை. காமராஜர் 1956-இல் பகலுணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இந்தச் சீமையின் எட்டயபுரத்தில். பசி தீர்ந்தது பெரிது. ஒரே வரிசையில் உட்கார்ந்து எல்லாப் பிள்ளைகளும் ஒரே பானைச் சோற்றை உண்டது அதனினும் பெரிது. அதே எட்டயபுரத்துக்கு அருகே ஒரு சிற்றூர்ப் பள்ளியில், 2023 செப்டம்பரில், சமைப்பவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்பதற்காகப் பிள்ளைகள் காலைச் சிற்றுண்டியைத் தொடாமல் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்தவர்கள் பெரியவர்கள். செய்தி அறிந்து சென்ற மக்கள் பிரதிநிதிகளும் அதிகாரிகளும், உபந்நியாசம் செய்வதோடு நில்லாமல், அப்பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, அந்த அம்மையார் சமைத்ததை உண்டார்கள். நான் கேள்விப்பட்ட வைத்தியங்களில் இது நல்ல வைத்தியம்.

இச்சபையில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களை நான் வேண்டிக்கொள்வது இது: மதிப்பெண்ணைச் சொல்லிப் பிள்ளையை எழுப்பி நிறுத்தாதீர்கள், உதவித்தொகை பெறுகிறவர்களைச் சாதிப் பெயர் சொல்லி வகுப்பறையில் அழைக்காதீர்கள், செம்மையாக ஒரு வேலை செய்த பிள்ளைக்கு, அது கணக்காயினும் தோட்ட வேலையாயினும், அந்த வேலையைக் குறிப்பிட்டுச் சொல்லிப் பாராட்டுங்கள். இவையெல்லாம் இயலாமற் போனாலும், வாரத்தில் ஒரு நாளேனும் மதியம் மணி அடித்ததும் உங்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தை ஆசிரியர் அறையிலேயே வைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய், சத்துணவு வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சோற்றையே வாங்கி உண்ணுங்கள்.